பொன்முதுகு மரங்கொத்தியைத் தேடி, பார்த்து, புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மரங்கொத்தியைப் பார்க்க முதுமலைக்கோ வால்பாறைக்கோ போக வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. தேவையே இல்லை. ஒரு தென்னந்தோப்பு, இரு பக்கமும் பழைய புளியமரம் நிற்கும் ஒரு சாலை, பெரிய மரங்களை வெட்டாமல் விட்டு வைத்திருக்கும் ஒரு கல்லூரி வளாகம், இவற்றில் ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். பொன்முதுகு மரங்கொத்தி அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சென்னை நகரத்துக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்காவிலும் அடையாற்றின் பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் இதைப் பார்க்கலாம். மனிதர்கள் குடியிருக்கும் இடத்தில் இவ்வளவு சகஜமாக வாழும் மரங்கொத்திகள் இந்தியாவில் ஒரு சில இனங்கள்தான்.

இந்த வழிகாட்டி அந்த ஒரே ஓர் இனத்துக்கானது. அறிவியல் பெயர் டைனோபியம் பெங்காலென்ஸ். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பெயரில் வங்காளம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், பறவை பாகிஸ்தானிலிருந்து அசாம், வங்கதேசம் வரைக்கும், தெற்கே கன்னியாகுமரி வரைக்கும், கடலைத் தாண்டி இலங்கையின் வடக்கிலும் இருக்கிறது. கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பாலைநிலத்திலும்தான் கொஞ்சம் அரிது. மலையில் சுமார் 1,200 மீட்டர் உயரம் வரை வழக்கமாகத் தென்படும். அதற்கு மேலே போகப் போகக் குறைந்துவிடும்.

பறவை பார்க்கப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பறவையைத் தேடுவதற்கு முன்னால் பட்ட மரத்தைத் தேடுங்கள். இந்தப் பறவையின் சாப்பாடு, வீடு, குஞ்சு எல்லாமே காய்ந்துபோன மரத்தையும் அதில் ஏறி இறங்கும் எறும்பையும் சுற்றித்தான் நடக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

அடர்ந்த மழைக்காடு வேண்டாம். இந்த மரங்கொத்திக்குத் திறந்த வெளியும் முதிர்ந்த மரமும் கலந்து இருக்க வேண்டும். தோப்பு, வயலோரப் பனை வரிசை, ஏரிக்கரை, ஊருணிக்கரை ஆலமரம், இலையுதிர் காடு, பழைய தேயிலைக் கிடங்கைச் சுற்றி நிற்கும் நிழல்மரங்கள், இவையெல்லாம் சரி. தஞ்சாவூர்ப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் தென்னந்தோப்புகளில் நின்றாலே குரல் கேட்கும்.

தோப்புக்குள் போனதும் கண்ணை உயரே ஓட்டி, தலை போன தென்னையைத் தேடுங்கள். இடி விழுந்தோ, கூன்வண்டு குடைந்தோ கொண்டை சாய்ந்துபோய், தண்டு மட்டும் நட்டுக்கொண்டு நிற்குமே, அந்த மொட்டைத் தென்னை. அதில் வட்டமாக ஒரு துளையாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். தென்னை இல்லாத ஊரில் பட்டுப்போன பனை, பாதி காய்ந்த முருங்கை, பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் இலையில்லாத கிளை, மாமரத்தில் உளுத்துப்போன கவட்டை ஆகியவற்றைப் பாருங்கள். நன்றாகப் பச்சைப்பசேல் என்று கத்தரித்துப் பராமரித்த பூங்காவில் பல நேரம் ஏமாற்றம்தான். காய்ந்த கிளையை எல்லாம் "அசிங்கம்" என்று வெட்டி எறிந்திருப்பார்கள்.

நேரம்: விடிந்து வெயில் ஏறும் வரைக்கும் உள்ள இரண்டு மூன்று மணி நேரம் சிறந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மறுபடியும் சுறுசுறுப்பாகும். நடு மத்தியானத்தில் நிழலில் ஏதாவது ஒரு கிளையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். தொலைநோக்கி இருந்தால் 8 மடங்கு பெரிதாக்குவது போதும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இது மைனாவைவிடப் பெரிய பறவை.

படி 2: காதைத் தீட்டுங்கள்

தொட்டதும் பலர் தவறும் இடம் இதுதான். "எங்கள் வீட்டுப் பக்கம் நாள் முழுக்க மரங்கொத்தி டுக் டுக் என்று கொத்திக்கொண்டே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் மரங்கொத்தியே இல்லை. செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, பச்சை நிறக் குண்டுப் பறவை. ஆலமர உச்சியில் உட்கார்ந்துகொண்டு தொண்டையிலிருந்து அந்தச் சத்தத்தை ஒரே சீராக, சலிக்காமல் எழுப்பும். அந்தச் சத்தத்துக்காக எதையும் கொத்துவது கிடையாது.

பொன்முதுகு மரங்கொத்தியின் குரல் வேறு மாதிரி. "கி-கி-கி-கிக்கிக்கிக்கி" என்று வேகமாக, கரகரப்பாக, குதிரை கனைப்பது போல நடுங்கி இறங்கும். பெரும்பாலும் பறக்கக் கிளம்பும்போதோ, பறந்து வந்து ஒட்டும்போதோ கத்தும். கிட்டத்தட்ட இதே தொனியில் கத்தும் இன்னொருவர் வெண்மார்பு மீன்கொத்தி. அதுவும் தோப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் திரிவதால் குழப்பம் சகஜம். மீன்கொத்தியின் குரல் ஒரே இடத்தில், உயரமான கம்பியிலோ கிளையிலோ இருந்து, திரும்பத் திரும்ப வரும். மரங்கொத்தியுடையது நகர்ந்துகொண்டே வரும். ஒரு மரத்தில் தொடங்கி அடுத்த மரத்தில் முடியும்.

கொத்தும் சத்தமும் இரண்டு வகை. இரை தேடும்போது வருவது ஒழுங்கில்லாத தட்டல்: டொக், டொக்டொக், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி டொக். இன்னொன்று, காய்ந்த கிளையில் அலகால் வேகமாக முரசு அடிப்பது. அது எல்லை அறிவிப்பும் துணைக்கு அழைப்பும். இந்த இனம் முரசு அடிப்பதைவிடக் கத்துவதையே அதிகம் நம்புகிறது. ஆகவே முரசொலிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கைப்பேசியில் மெர்லின் செயலியைப் போட்டுக் கேட்க வைக்கலாம். அது ஓர் ஊகத்தைச் சொல்லும். ஊகம்தான், கண்ணால் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள்.

படி 3: பார்த்ததும் கவனிக்க வேண்டிய நான்கு இடங்கள்

பறக்கும் விதத்திலேயே பாதி அடையாளம் முடிந்துவிடும். நாலைந்து முறை படபடவென்று சிறகடித்து மேலே எழும்பும், சிறகை மடக்கிக் கீழே சரியும், மறுபடி எழும்பும். வானத்தில் அலை அலையாக ஒரு கோடு. முடிவில் மரத்தண்டில் செங்குத்தாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிய பிறகு உடம்பைப் பாருங்கள். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 26 முதல் 29 செ.மீ. எடை சுமார் 86 முதல் 133 கிராம். முதுகும் சிறகின் பெரும்பகுதியும் பொன்மஞ்சள். வெயில் பட்டால் பளீரென்று மின்னும். நிழலில் கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும். சிறகின் தோள் பக்கம் கறுத்து, வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். வயிறு வெளுப்பு, அதன் மேல் கருப்பு விளிம்புகள் செதில் செதிலாக ஓடும். முகம் வெள்ளை, கண் வழியாக ஒரு கருப்புப் பட்டை. பின்கழுத்து கருப்பு.

இனம் பிரிக்க முக்கியமானவை நான்கு: தொண்டை, பிட்டம், மீசை, பின்கழுத்து. அதிலும் தொண்டையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்த இனத்தின் தொண்டை கருப்பாக, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி தூவினதாக இருக்கும். இந்தியாவில் வேறு எந்தப் பொன்முதுகு மரங்கொத்திக்கும் இப்படிக் கருந்தொண்டை கிடையாது. அடுத்து பிட்டம், அதாவது முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம்: இதற்குக் கருப்பு. மீசைக்கோடு, அதாவது அலகடியிலிருந்து கன்னத்தில் இறங்கும் கருங்கோடு: இதற்கு இல்லை.

படி 4: ஆணா, பெண்ணா?

இது சுலபம். ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை நுனி வரை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு நெற்றியும் முன்தலையும் கருப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பின்பக்கக் கொண்டை மட்டும் சிவப்பு. இளம் பறவைகள் பெண்ணைப் போலவே, ஆனால் மங்கலாக இருக்கும். ஒரு பறவையைப் பார்த்துவிட்டால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். இவை ஜோடியாகத் திரிபவை. ஒன்று இருக்கும் இடத்துக்கு நாலைந்து மரம் தள்ளி மற்றொன்று இருக்கும்.

படி 5: குழப்பும் உறவினர்களை ஒதுக்குங்கள்

முதலில், உறவே இல்லாத ஒருவர். புல்தரையில் நடந்துகொண்டு, நீண்டு வளைந்த அலகால் மண்ணைக் குத்திக்கொண்டு, தலையில் விசிறிக் கொண்டையோடு ஒரு பறவையைப் பார்த்துவிட்டு "மரங்கொத்தி" என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அது கொண்டலாத்தி. மரங்கொத்தியின் அலகு நேராக, உளி முனையாக இருக்கும். (லக்னோவில் கிடைத்த ஒரு பெண் பொன்முதுகு மரங்கொத்திக்கு அலகு கொண்டலாத்தி போல வளைந்து வளர்ந்திருந்ததாகப் பதிவு இருக்கிறது. அது ஊனம், விதிவிலக்கு. அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் படம் எடுத்து வையுங்கள்.)

சமவெளியில், ஊருக்குள் நிற்கிறீர்கள் என்றால் பொன்முதுகு என்றாலே பெரும்பாலும் நம்முடையதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ அதன் அடிவாரத்துக்கோ போனால்தான் கவனம் தேவை. அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள்.

மூவிரல் பொன்முதுகு மரங்கொத்தி, ஈரக்காட்டுப் பறவை. பிட்டம் சிவப்பு, கன்னத்தில் ஒற்றை மீசைக்கோடு. பெயரே சொல்வது போல காலில் மூன்று விரல்தான், நம்முடையதற்கு நான்கு. ஆனால் விரலை எண்ணி அடையாளம் காணும் அளவுக்கு அது கிட்டே வரப்போவதில்லை, பிட்டத்தைப் பாருங்கள். பெரிய பொன்முதுகு மரங்கொத்திக்கும் பிட்டம் சிவப்பு. மீசைக்கோடு இரட்டையாகப் பிரிந்து நடுவில் வெள்ளை தெரியும், பின்கழுத்து வெள்ளை, கண் வெளுத்திருக்கும், அலகும் நல்ல நீளம்.

மூன்றாவது வெண்பிடரி மரங்கொத்தி. இதுதான் உண்மையிலேயே ஏமாற்றும். வறண்ட காடுகளிலும் அடிவாரங்களிலும் இருப்பதோடு, பிட்டமும் நம்முடையதைப் போலவே கருப்பு. ஆனால் பிடரியிலிருந்து மேல்முதுகு வரை பட்டையாக வெள்ளை இறங்கும்; அதன் இரு பக்கமும் கருப்பு. தொண்டை வெளுப்பு. பெண்ணின் தலை மஞ்சள், சிவப்பு கிடையாது. முதுகுப் பக்கம் மட்டுமே தெரிந்தாலும் அந்த வெள்ளைப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

நம் இனத்துக்குள்ளேயும் இடத்துக்கு இடம் சின்ன வேறுபாடு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் இருப்பதன் முதுகில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். 1934-இல் பறவையியலாளர்கள் விஸ்லரும் கின்னியரும் இதைத் தனித் துணையினமாகப் பிரித்து, இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியின் மனைவி தெஹ்மினாவின் பெயரைச் சூட்டினார்கள். கள ஆய்வுப் பயணங்களில் கணவரோடு கூடவே போனவர் அவர்.

இலங்கையில் கதை இன்னும் சுவாரசியம். யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளில் இருப்பது நம்முடையதைப் போன்ற பொன்முதுகுதான். துணையினப் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது. தெற்கே போனால் முதுகு கருஞ்சிவப்பாக மாறிவிடும். முன்பு ஒரே இனத்தின் வகை என்று வைத்திருந்த அந்தச் செம்முதுகு மரங்கொத்தியை இப்போது இலங்கைக்கே உரிய தனி இனமாகக் கொள்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் புத்தளம், கெக்கிராவை, திருகோணமலை வட்டாரங்களில் அவை கலந்து இனம் பெருக்குகின்றன. அங்கே செம்மஞ்சள் முதுகோடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தில் பறவைகளைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் வாழ்பவர்கள் எந்த மரங்கொத்தியைப் பார்த்தாலும் முதுகு நிறத்தை எழுதி வைப்பது நல்லது.

படி 6: சாப்பிடுவதை நின்று பாருங்கள்

பெயரை உறுதி செய்ததோடு பலர் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் பார்க்க விஷயமே இருக்கிறது என்று தோன்றும்.

பறவை வந்து ஒட்டியதும் அசையாமல் நில்லுங்கள். உங்களைப் பார்த்துவிட்டால் தண்டின் மறுபக்கம் நழுவிவிடும். நீங்கள் சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். கடைசி வரை தண்டு நடுவில் இருக்கும். இரண்டு பேர் போயிருந்தால் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் என்று தள்ளி நிற்பதே வழி. தனியாக இருந்தால் பொறுமைதான். கொஞ்ச நேரத்தில் கொண்டை மட்டும் எட்டிப் பார்க்கும், அப்புறம் உடம்பு முழுக்க வரும்.

பெரும்பாலும் தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, தத்தித் தத்திச் சுற்றிக்கொண்டே மேலே ஏறும். இறங்க வேண்டும் என்றால் தலைகீழாகத் திரும்பாது. தலை மேலே இருக்கும்படியே பின்னால் தத்தி இறங்கும். ஒரு மரம் முடிந்ததும் அடுத்த மரத்தின் அடிக்குப் பறக்கும்.

ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், என்ன கவனிக்க வேண்டும் என்பது புரியும். தடித்த கிளை ஒன்றின் கவட்டையில் பட்டை வெடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. வெடிப்பின் ஓரமாக எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. பெண் பறவை ஒன்று வந்து ஒட்டி, முதலில் சாரையைத் தொடவே இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வெடிப்பைப் பார்த்தது. பட்டையில் நாலு தட்டு. பிறகு அலகைப் பட்டைக்கு அடியில் நுழைத்து ஒரு நெம்பு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து கீழே விழுந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக எறும்பின் கூட்டுப்புழுக்கள். எறும்புகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்க, பறவையின் நாக்கு வெளியே வந்தது. சாம்பல் நிறத்தில் மெல்லிய கம்பி மாதிரி, அலகு நுனியையும் தாண்டி நீண்டு, வெடிப்புக்குள் போய்ப் போய் வந்தது. கொத்தலே இல்லை, வெறும் நக்கல்தான். சில எறும்புகள் அதன் முகத்தில் ஏறியதும், தலையை உதறிவிட்டு அரை அடி மேலே தத்தி, அங்கிருந்து மறுபடி தொடர்ந்தது.

எறும்பு, அதன் முட்டை, கூட்டுப்புழு, இவைதான் முக்கியச் சாப்பாடு. அதோடு பட்டைக்கு அடியில் இருக்கும் வண்டுப் புழுக்கள், கறையான், சிலந்தி, கம்பளிப்புழு போன்றவை. கறையான் புற்றைத் தேடித் தரைக்கும் இறங்கும். தரையில் பார்த்தால் அதன் கம்பீரம் எல்லாம் போய்விடும். கால் மரத்தில் ஒட்டுவதற்காக அமைந்தது என்பதால் தடுமாறித் தத்தும்.

பூச்சி மட்டும்தான் தின்னும் என்று நினைக்க வேண்டாம். கீழே விழுந்து கிடக்கும் பழத்தையும் தின்னும். தை, மாசியில் முள்ளிலவு சிவக்கச் சிவக்கப் பூக்கும்போது அந்த மரத்தடியில் போய் நில்லுங்கள். மைனா, காக்கை, தேன்சிட்டு என்று ஒரு சந்தையே கூடியிருக்கும் கிளைகளில், நம் மரங்கொத்தியும் பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருக்கலாம். கல்யாண முருங்கை பூத்தாலும் அப்படியே. மனிதர்களின் சாப்பாட்டு மிச்சத்தைக்கூடத் தொட்டதாகப் பதிவுகள் உண்டு. நகரத்தில் இது தாக்குப்பிடிப்பதற்கு இந்த வாய்க்கட்டு இல்லாத குணமும் ஒரு காரணம் என்பேன்.

தோப்புக்காரர்களோடு ஒரு பேச்சு இங்கே வரும். "இளங்காயை எல்லாம் ஓட்டை போடுகிறது, தென்னையைக் கொன்றுவிடுகிறது" என்பார்கள். மரங்கொத்தி காயைக் கொத்தவே கொத்தாது என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் விழுந்து கிடக்கும் காயை எடுத்துப் பாருங்கள்: காம்புப் பக்கமாகக் கடித்து வட்டமாக ஓட்டை போட்டிருந்தால் அது எலியின் வேலை. தென்னையைக் கொல்வது என்ற இரண்டாவது புகார் தலைகீழ். மரம் பட்டு, தண்டு உளுக்கத் தொடங்கிய பிறகுதான் பறவை அங்கே பொந்து குடைய வருகிறது. பொந்தைப் பார்த்துவிட்டுப் பறவைமேல் பழியைப் போட்டால், கொண்டைக்குள் இருக்கும் கூன்வண்டும் காண்டாமிருக வண்டும் அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

படி 7: உடம்பின் கருவிகளைக் கவனியுங்கள்

தொலைநோக்கி இருந்தால் காலைப் பாருங்கள். இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். வாலைப் பாருங்கள்: நடு இறகுகள் விறைப்பாக, தண்டில் ஊன்றியிருக்கும். இரண்டு காலும் வாலும் சேர்ந்து மூன்று ஊன்றுகோல். அதனால்தான் கொத்தும்போது பின்னால் சாய்வதில்லை. இறகு உதிரும் காலத்தில் மரங்கொத்திகள் வாலின் நடு இறகுகளைக் கடைசியில்தான் உதிர்க்கும், மற்றவை முளைத்த பிறகு. ஊன்றுகோல் இல்லாமல் ஒருநாள்கூடப் பிழைப்பு ஓடாது அல்லவா.

நாக்கு அவ்வளவு நீளம் எப்படி? அதைத் தாங்கும் எலும்பும் தசையும் தொண்டையிலிருந்து பின்பக்கமாகப் போய், மண்டையோட்டைச் சுற்றி மேலேறி நெற்றிப் பக்கம் வரை வருகிறது. நாக்கில் பிசுபிசுப்பான எச்சில் இருப்பதால் எறும்பு ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை முறை முட்டியும் மூளை கலங்காததற்கு, மண்டையோட்டில் பஞ்சு போன்ற எலும்பு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்று பள்ளிப் புத்தகம் முதல் தொலைக்காட்சி வரை சொல்லி வந்தார்கள். 2022-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு, மூன்று வகை மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகக் கேமராவில் பிடித்து அலசியது. (நம் பொன்முதுகு அதில் இல்லை.) தலை ஒரு விறைப்பான சுத்தியலாகவே வேலை செய்கிறது, அதிர்ச்சியை வாங்கும் அமைப்பு எதுவும் இல்லை என்று கண்டார்கள். யோசித்தால் அதுதான் நியாயம்: அதிர்ச்சியை வாங்கிக்கொண்டால் கொத்தின் வேகமும் குறைந்துவிடும், மரம் குடைய முடியாது. மூளை சிறியது, அந்த அளவு மூளைக்கு அந்த அடி ஆபத்தான எல்லைக்குள் வருவதில்லை.

படி 8: கூட்டைக் கண்டுபிடித்து, தள்ளி நில்லுங்கள்

தென்னாட்டில் மாசி, பங்குனி தொடங்கி ஆனி வரை கூடு கட்டும் காலம். வானிலையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். கூடு தேட மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது சுலபம். பட்ட மரத்தின் அடியில் புதிதாக மரச்சிராய்கள் சிதறிக் கிடந்தால், அண்ணாந்து பாருங்கள்.

வாசல் வட்டம். உள்ளே நேராகக் கொஞ்சம் போய், பிறகு கீழே திரும்பி ஒரு குழியாக இறங்கும். புல், பஞ்சு, நார் என்று எதுவும் கொண்டுவந்து பரப்பாது; குடையும்போது உதிர்ந்த தூள்தான் மெத்தை. வேறு பறவையின் பொந்தை அபகரித்துக்கொள்வதும் உண்டு, அபூர்வமாக மண்கரையில் கூடு வைத்ததும் உண்டு. முட்டை வழக்கமாக மூன்று, வெள்ளை வெளேரென்று பளபளப்பாக, சற்றே நீண்டிருக்கும். சுமார் 11 நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் சுமார் 20 நாளில் பொந்தை விட்டுக் கிளம்பும். மொத்தக் கதையும் ஒரு மாதச் சமாச்சாரம்தான், ஆகவே அந்த ஒரு மாதம் நாம் தொந்தரவு செய்யாமல் இருப்பது பெரிய கஷ்டம் இல்லை.

எவ்வளவு தள்ளி நிற்பது? தாயோ தகப்பனோ இரையோடு வந்து, பக்கத்து மரத்தில் ஒட்டிக்கொண்டு, பொந்துக்குப் போகாமல் கத்திக்கொண்டே இருந்தால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது தயங்காமல் உள்ளே போகும் தூரம்தான் சரியான தூரம். பொந்துக்குள் குச்சி விடுவது, கைப்பேசி விளக்கு அடிப்பது, படத்துக்காகக் கிளையை வெட்டி வெளிச்சம் உண்டாக்குவது எல்லாம் கூடவே கூடாது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இந்த மாதங்களில் வேண்டாம்; எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துக் குஞ்சை விட்டுவிட்டு உங்களைச் சுற்றும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இதற்கு உண்டு. பிடிப்பதோ வளர்ப்பதோ குற்றம்.

படி 9: எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், எத்தனை பறவை, ஆணா பெண்ணா, எந்த மரம், என்ன செய்தது. இவ்வளவு போதும். மரத்தின் பெயரையும் அது பட்டதா பச்சையா என்பதையும் விட்டுவிடாதீர்கள்; பெரும்பாலான குறிப்புகளில் இல்லாமல் போவது அதுதான். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்தில் பதிவிட்டால் உங்கள் ஊர்ப் பட்டியலோடு சேர்ந்துவிடும். கூடு இருந்தால் துல்லியமான இடத்தைப் பொதுவில் போட வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு நல்ல சந்தர்ப்பம். சொந்த ஊருக்குப் போயிருப்போம், தோப்பும் பக்கத்திலேயே இருக்கும்.

படி 10: உங்கள் இடத்துக்கே வரவழைப்பது

தோப்போ பெரிய தோட்டமோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. தீனித் தட்டு வைத்து இந்தப் பறவையை அழைக்க முடியாது. மூன்று காரியம் செய்யலாம். மரத்தில் ஏறும் எறும்புக்கு மருந்து தூவுவதை நிறுத்துங்கள், பயிருக்கு நிஜமாகவே கெடுதல் என்றால் தவிர. வேலியோரம் முள்ளிலவோ கல்யாண முருங்கையோ ஒன்றிரண்டு இருக்கட்டும். மூன்றாவதுதான் முக்கியம்: மொட்டைத் தென்னை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சாய்த்துவிடாதீர்கள்.

வண்டு தாக்கிப் பட்ட மரமாக இருந்தால் முதலில் கொண்டைப் பகுதியை வெட்டி, உள்ளே புழு இருந்தால் எரித்துவிடுங்கள். அதை அப்படியே விடுவது மற்ற மரங்களுக்கு ஆபத்து. மிச்சத் தண்டை, வீடு, வழி, மின்கம்பி எதன்மேலும் விழாத தூரத்தில் இருந்தால், இரண்டு ஆள் உயரத்துக்காவது நிற்க விடுங்கள். விழக்கூடிய தூரம் என்றால் தயங்காமல் வெட்டுங்கள். பறவைக்காக மனிதர் தலையில் மரம் விழ வேண்டியதில்லை.

நிற்கும் தண்டில் மரங்கொத்தி குடைந்துவிட்டால் அதன் குடும்பத்தோடு முடிவதில்லை. அது விட்டுப்போன பொந்துக்குப் பச்சைக்கிளியும் மைனாவும் சண்டை போடும், வண்ணாத்திக்குருவி வரும், புள்ளி ஆந்தை ஜோடி குடியேறும். இவற்றில் எதற்கும் மரத்தைத் தானே குடையத் தெரியாது. ஆகவே பழைய பொந்து உள்ள தண்டை வெட்டியே ஆக வேண்டும் என்றால் புரட்டாசிக்குத் தள்ளி வையுங்கள். வெட்டுவதற்கு முன்னால் இரண்டு நாள் காலையிலும் மாலையிலும் எட்ட நின்று, உள்ளே போக வர யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பிறகு அரிவாளை எடுங்கள்.